பதின்மூன்று அங்குலத் தூரம்

என்னிடம் இருந்த கேமராவால் மூன்றரை அடிக்கு அருகே எதையும் பார்க்க முடியாது. லென்ஸைச் சுற்றியிருந்த வளையத்தில் அடிக்கணக்கு பொறித்திருக்கும். ஐம்பதில் தொடங்கி மூன்றரையில் முடியும் ஏழு எண்கள். அதற்கப்புறம் வளையம் திரும்பாது. மாற்றலாகிப் போன ஒரு அதிகாரியிடமிருந்து வாங்கிய மடக்குக் கேமரா அது. ஒரு சுருளில் எட்டுப் படம் விழும். சங்கரன்கோவில் தாலுகா அலுவலகத்தில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து மூன்று வருஷம், சுதந்திரம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. கோபுரத்தையும் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தையும் எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு மூன்றரை அடி என்பது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை.

அந்த வருஷம் தபசு முடிந்த ஆறாம் நாள், என் மூத்த தங்கையின் இடது கையில் அம்மா ஒரு தேமலைக் கண்டாள். முழங்கைக்கு நாலு விரற்கடை மேலே, ரவிக்கைக் கை மறைக்கிற இடம். ஓரணாக் காசு அளவு இருந்தது. சுற்றியிருந்த தோலைவிட வெளிறியும், உற்றுப் பார்த்தால் கொஞ்சம் செம்பு நிறமாகவும் இருந்தது.

அவளுக்கு வயது பத்தொன்பது. ராயகிரியில் பேசி முடித்து, தை மாதம் கல்யாணம் என்று தாம்பூலம் மாற்றியாகிவிட்டது. அவளுக்கு இளையவள் ஒருத்தி, பதினாலு வயது. அப்பா இறந்து எட்டு வருஷம். வீட்டில் நாங்கள் நாலு பேர். இந்த நாலு பேரைத் தவிர அந்தத் தேமல் யாருக்கும் தெரியக் கூடாது என்று அம்மா சொன்னாள். நானும் அதையேதான் நினைத்தேன். அந்த வியாதி இருக்கிற வீடு என்று ஒரு வாய் பேசிவிட்டால் இரண்டு பெண்களும் வீட்டோடுதான். வியாதியின் பெயரை நாங்கள் ஒருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. 'அது' என்றோம். 'அதுவாக இருக்காது' என்றோம்.

அம்மா கோயிலிலிருந்து புற்றுமண் வாங்கிவந்து தினமும் காலையில் குழைத்துப் பூசினாள். நான் என் வழியில் ஒரு காரியம் செய்தேன். வடக்கே ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் அந்த வியாதிக்குப் புது மாத்திரை கொடுக்கிறார்கள் என்று பத்திரிகையில் படித்திருந்தேன். அங்கே அவளை அழைத்துப் போனால் ரயிலிலேயே நாலு தெரிந்த முகங்கள் பார்த்துவிடும். ஆகவே படம் எடுத்துத் தபாலில் அனுப்பி, டாக்டரின் அபிப்பிராயம் கேட்பது என்று முடிவு செய்தேன். மூன்றரை அடியில் நின்று எடுத்தேன். பிரதியில் தங்கையின் கை முழுவதும் இருந்தது, தொழுவத்துச் சுவர் இருந்தது, சுவரில் மாட்டியிருந்த கயிறு இருந்தது. தேமல் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அதையே உறையில் வைத்து, அவள் பெயரோ உறவோ எழுதாமல், என் அலுவலக விலாசத்துக்குப் பதில் கேட்டு அனுப்பினேன்.

பதினோராம் நாள் பதில் வந்தது. மூன்றே வாக்கியம். படம் தெளிவாக இல்லை. படத்தைக் கொண்டு முடிவு சொல்வது வழக்கமும் இல்லை. பெண்ணைத் தாமதிக்காமல் நேரில் அழைத்து வாருங்கள்.

இந்தக் கடிதத்தை நான் எத்தனை முறை படித்தேன் என்பதற்கு மட்டும் என்னிடம் கணக்கில்லை. படித்த ஒவ்வொரு முறையும் முதல் வாக்கியத்தில்தான் நின்றேன். படம் தெளிவாக இல்லை. அது என்னால் சரிசெய்யக்கூடிய குறையாகத் தெரிந்தது. மற்ற இரண்டும் அப்படித் தெரியவில்லை. எட்டாம் வகுப்பு வரை படித்த தங்கை கடிதத்தை வாங்கி எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"வரச் சொல்லி இருக்காருல்லா" என்றாள்.

"முதல்ல படம் தெளிவா வரட்டும். அதப் பாத்துட்டு அவரே வேண்டாம்னு சொல்லிருவாரு."

அவள் கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். எதிர்த்துப் பேசுகிற பெண் அல்ல அவள்.

அன்று சாயங்காலமே போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனேன். ஸ்டூடியோக்காரர் கிறிஸ்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் நடக்கும் கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான் படம். வாய் கொஞ்சம் அதிகம்.

"அண்ணாச்சி, ரொம்பக் கிட்டத்துல வச்சுப் படம் எடுக்கணும்னா என்ன சாமான் வேணும்?"

"எவ்வளவு கிட்டத்துல?"

"ஒரு அடி. அதுக்கும் கம்மின்னாலும் சரி."

"எதைவே அவ்வளவு கிட்டத்துல பாக்கப் போறீரு?"

அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். "பருத்திப் புழு. இளையரசனேந்தல் பக்கம் காயெல்லாம் துளை விழுதாம். படம் எடுத்து மேலே அனுப்பலாம்னு."

அவர் சிரித்தார். "பொண்ணு பாக்கத்தான் படம் கேப்பாங்க. நீரு புழுவுக்கே எடுக்கீரு. எந்த ஊர் மாப்பிள்ளைவே அந்தப் புழுவுக்கு?"

நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டியிருந்தது.

பிறகு அவர் ஒழுங்காகவே சொன்னார். அவருடைய மூன்று கால் பெரிய கேமராவைக் காட்டினார். துருத்தி மாதிரி மடிப்புத் தோல். அதை இழுக்க இழுக்க லென்ஸ் முன்னால் போகும். லென்ஸ் எவ்வளவு முன்னால் போகிறதோ அவ்வளவு அருகில் இருப்பதைத் தெளிவாக்கலாம். பின்னால் சொரசொரப்புக் கண்ணாடியில் படம் தலைகீழாக விழுவதை, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக் கண்ணால் பார்த்தே திருத்தலாம். தம் கட்டைவிரலை முன்னால் நீட்டி எனக்குக் காட்டினார். நகத்தின் வரிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன. அரை அங்குல நகம் கண்ணாடியிலும் அரை அங்குலம். அதைவிட நல்ல கருவி அந்தக் காரியத்துக்குக் கிடையாது என்று எனக்கு அப்போதே தெரிந்தது.

"ரெண்டு நாளைக்கு இத எங்கிட்ட குடுப்பீங்களா, அண்ணாச்சி?"

"இது தனியா எங்கயும் போகாது. இது வந்தா நானும் வருவேன். உம்ம புழுவ இங்கன கொண்டாரும், நான் எடுத்துத் தாரேன்."

அதோடு அந்தக் கருவி கழிந்தது.

இரண்டாவதாக, மெட்ராஸ் கடை ஒன்றின் விலைப்பட்டியலில், லென்ஸ் முன்னால் மாட்டுகிற கிட்டப்படக் கண்ணாடி என்று ஒன்று போட்டிருந்தது. மூன்று அளவுகளில் மூன்று வட்டக் கண்ணாடிகள், தோல் பெட்டியோடு. என் கேமராவின் லென்ஸ் விட்டத்தை நூல் வைத்து அளந்து, ஐந்து தடவை அளந்ததன் சராசரியை எழுதி, தபால்காரரிடம் பணம் கொடுத்து வாங்குகிற வி.பி.பி.யில் அனுப்பும்படி எழுதினேன். இருபத்து மூன்று நாள் கழித்து, இறக்குமதி லைசென்ஸ் இல்லாததால் சரக்கு வரவில்லை என்று கார்டு வந்தது. அந்த இருபத்து மூன்று நாளும் நான் காலையில் தங்கையின் கையைப் பார்க்கவில்லை. கருவி வந்த பிறகு ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

மூன்றாவது யோசனை என்னுடையது. விலைப்பட்டியலில் அந்தக் கண்ணாடிகளுக்குப் போட்டிருந்த எண்களும் படிக்கிற மூக்குக்கண்ணாடிகளுக்குப் போடுகிற எண்களும் ஒன்றே என்பதைக் கண்டேன். மூன்றாம் எண் கண்ணாடி என்றால் மீட்டரில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது பதின்மூன்று அங்குலத்துக்குச் சற்று மேல். தேரடியில் ட்ரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒருவர் மூக்குக்கண்ணாடி விற்பார். அவரிடம் எண் கிடையாது, வயதுதான் உண்டு. நாற்பது வயதுக் கண்ணாடி, ஐம்பது வயதுக் கண்ணாடி என்று வாங்குவார்கள்.

"அறுபது வயசுக் கண்ணாடி காட்டுங்க."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "வயசக் கொறச்சுச் சொல்லுத ஆளப் பாத்திருக்கேன். கூட்டிச் சொல்லுத ஆள இன்னிக்குத்தான் பாக்கேன்" என்றார்.

பத்தொன்பது கண்ணாடிகளை வெயிலில் பிடித்து, சூரியன் மண்ணில் புள்ளியாகக் குவிகிற உயரத்தை அடிக்கோலால் அளந்தேன். அறுபது என்று சொன்னவற்றில் சில பதினாறு அங்குலம், சில பதினொன்று. வேடிக்கை பார்க்க ஆறு பேர் கூடிவிட்டார்கள். பதினேழாவது சரியாகப் பதின்மூன்றேகால் வந்தது. மிச்சம் இரண்டையும் பார்த்துவிட்டு அதை வாங்கினேன். வீட்டில் சட்டத்திலிருந்து ஒரு கண்ணாடியைக் கழற்றி, சைக்கிள் ட்யூபில் அறுத்த ரப்பர் வளையத்தால் கேமராவின் லென்ஸ் மேல் பொருத்தினேன். செய்தித்தாளைச் சுவரில் ஒட்டிச் சோதித்ததில் நடுவில் எழுத்துகள் கம்பி மாதிரி நின்றன. ஓரத்தில் கரைந்தன. ஓரம் எனக்குத் தேவையில்லை.

தூரம்தான் தொந்தரவு கொடுத்தது. மூன்றரை அடியில் ஒரு அங்குலம் முன்பின் போனால் தெரியாது. பதின்மூன்று அங்குலத்தில் அரைக்கால் அங்குலம் போனாலும் படம் கலங்கும். இந்தக் கேமராவில் கண்ணால் பார்த்துத் திருத்த வழியில்லை. அதற்காக ஒரு பழைய குடையை உடைத்து ஒரு கம்பியை எடுத்து, கேமராவின் அடிப்பலகையோடு சேர்த்துக் கட்டினேன். கம்பியின் நுனி எங்கே தொடுகிறதோ அங்கே படம் தெளிவு. நுனி மொக்கையாக இருந்ததால் எந்த இடம் என்று சொல்ல முடியவில்லை. அரம் வாங்கி வந்து கூராக ராவினேன். முதலில் என் கையிலேயே வைத்துப் பார்த்தேன். சுருக்கென்று குத்தியது, கையை இழுத்துக்கொண்டேன். தங்கையிடம், "கொஞ்சம் குத்தும். அசையாம இருந்தாப் போதும்" என்று சொல்லி வைத்தேன்.

ஐப்பசியில் மழை விட்ட நாட்களில் எடுத்தேன். காலை எட்டு மணிக்குத் தொழுவத்து வாசலில் வெயில் சாய்ந்து விழும். அம்மா புற்றுமண்ணைக் கழுவி விடுவாள். மண் துளி இருந்தாலும் படத்தில் தெரியும் என்று ஆறு செம்பு தண்ணீர் ஊற்றச் சொன்னேன். தங்கை பலகையில் உட்கார்ந்து, தவிட்டு மூட்டை மேல் கையை வைத்துக்கொள்வாள். கம்பி நுனி தேமலின் நடுவில் படும்படி கேமராவை நகர்த்தி, மூச்சை அடக்கிக்கொண்டு விசையை அழுத்துவேன்.

"குத்துதா?"

"இல்ல."

ஒரு நாளும் அவள் கையை இழுக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை. நான் அவளை மெச்சினேன். இவ்வளவு அசையாமல் ஸ்டூடியோவில் பெரியவர்கள்கூட உட்காரமாட்டார்கள் என்றேன். அம்மா ஒரு நாள் மண்ணைக் கழுவிக்கொண்டே, "மண்ணு காஞ்சா தோலு இழுக்கும்லா, இவளுக்கு அந்த எடத்துல மட்டும் இழுக்கவே மாட்டேங்குதாம்லே" என்றாள். நான் அப்போது வெயில் எத்தனை நிமிஷத்தில் தூணுக்குப் போகும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, கைய விடும்மா" என்றேன்.

முதல் சுருளில் மூன்று படம் நன்றாக விழுந்தன. பிலிமை நானே கழுவினேன், வெளியே கொடுக்க முடியாதே. பத்தாய அறையின் இடுக்குகளில் சாக்கு அடைத்து, கொஞ்சமும் வெளிச்சமில்லாமல், வாயால் எண்ணிக்கொண்டே கழுவ வேண்டும். எல்லா நிறத்தையும் பார்க்கிற பிலிம் அது. அதற்குச் சிவப்பு விளக்குகூட ஆகாது. பிரதியை வெயிலில் காயவைத்து எடுத்தபோது தேமல் கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக, விளிம்போடு, வெள்ளையாக நின்றது. அதன் மேல் கம்பியின் நிழல் ஒரு கோடு. அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இப்போது எழுத வெட்கமாக இருக்கிறது. தேமலைப் பற்றி மறந்தே போனேன். படத்தின் தெளிவைப் பற்றித்தான் சாப்பாட்டு இலையில் உட்கார்ந்து பேசினேன்.

அப்போதே டாக்டருக்கு அனுப்பியிருக்கலாம். ஒரு படம் போதாது, ஒரு மாதம் விட்டு இன்னொன்றும் எடுத்து, வளர்கிறதா குறைகிறதா என்று இரண்டையும் சேர்த்து அனுப்பினால்தான் அவருக்கு முடிவு சொல்ல வசதி என்று நிறுத்தி வைத்தேன். கார்த்திகையில் எடுத்த சுருள் முழுவதும் கழுவுவதில் கெட்டது. இருட்டில் எண்ணிக்கை தவறிவிட்டது. எட்டுப் படமும் கறுப்பு.

மறுபடி ஸ்டூடியோவுக்குப் போனேன். புழுப்படம் இருட்டில் கெட்டுப்போகிறது என்றேன்.

"சிவப்பு வெளக்குல கழுவுத பிலிம் வாங்கிக்கிடும்வே. கண்ணால பாத்துக்கிட்டே கழுவலாம், போதும்னதும் எடுத்துக்கிடலாம். நான் அதத்தான் வச்சிருக்கேன். செவப்பு அதுக்குத் தெரியாது, அவ்வளவுதான். உம்ம புழு என்ன, வெத்தில பாக்கா போட்டிருக்கு?"

மார்கழியில் அந்தப் பிலிமில் எடுத்தேன். சிவப்பு வெளிச்சத்தில், தட்டில் படம் மெல்ல மேலே வருவதை முதல் தடவையாகக் கண்ணால் பார்த்தேன். எட்டும் பிழையில்லாமல் வந்தன. பிரதி போட்டபோது தங்கையின் தோலின் நுண்ணிய சுருக்கங்களும் மயிர்க்கால்களும்கூடத் தெரிந்தன. கம்பியின் நிழல் தெரிந்தது. தேமலைக் காணவில்லை. பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன். விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு லேசான மாற்றம், அதுவும் இருக்கிறது என்று நினைத்தால்தான். மற்றபடி சுற்றியுள்ள தோலும் அந்த இடமும் ஒரே கருப்பு.

ஐப்பசிப் படத்தையும் மார்கழிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அம்மாவிடம் காட்டினேன். அம்மா இரண்டையும் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அப்படியே கோயிலுக்குப் போனாள். தங்கை ரவிக்கைக் கையை மடக்கிவிட்டுத் தன் கையைப் பார்த்தாள், பிறகு படத்தைப் பார்த்தாள்.

"எனக்குப் பாத்தா அப்படியேதான் தெரியுது, அண்ணே."

"தெனமும் பாத்துப் பாத்து ஒங்கண்ணுக்குப் பழகிப் போச்சு. படம் இன்னிக்கு உள்ளத அப்படியே காட்டுதுல்லா."

"கொஞ்சம் பெரிசான மாதிரிகூட இருக்கு."

"ஏட்டி, நான் அங்குலம் போட்டு அளந்திருக்கேன்."

நான் சொன்னதை அவள் நம்பினாளா என்று தெரியாது. நான் நம்பினேன். என் கண்ணுக்கு முன்னால், பதின்மூன்று அங்குலம்கூட இல்லாத தூரத்தில், அந்தக் கை இருந்தது. குனிந்து பார்த்திருக்கலாம். விரலால் தொட்டுப் பார்த்திருக்கலாம். அந்த ஐந்து மாதத்தில் நான் ஒரு தடவையும் அதைத் தொடவில்லை. தொட்டது அம்மா ஒருத்திதான், மண் பூசுகிற சாக்கில். டாக்டருக்கு எதுவும் அனுப்பவில்லை. அனுப்பத் தேவையில்லாமல் போயிற்று என்று நினைத்தேன்.

தையில் கல்யாணம் நடந்தது. முழங்கை வரை கை வைத்த பட்டு ரவிக்கை. ஸ்டூடியோக்காரர்தான் படம் எடுத்தார்.

நாலு மாதம். வைகாசியில் ஒரு நாள் மத்தியானம் ராயகிரியிலிருந்து வில்வண்டி வந்து வாசலில் நின்றது. தங்கையும் அவள் மாமியாரும் இறங்கினார்கள். அந்த அம்மாள் உள்ளே வரவில்லை. வாசற்படியில் நின்றபடியே, சத்தம் உயர்த்தாமல் சொன்னார்.

"சோறு வடிக்கையில பானை கை மேல இருந்திருக்கு. தோலு பொசுங்குத வாடை எனக்கு வருது, இவளுக்குத் தெரியல. ஏட்டி, கையப் பாருன்னேன். பாத்துட்டு அப்புறந்தான் எடுக்கா. ஒங்க வீட்டுல யாருக்கும் இது தெரியாதா?"

என் அம்மா தங்கையின் தோளைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். வண்டி திரும்பிப் போயிற்று.

மறுநாள் தங்கையை ரயிலேற்றினேன். பத்து மாதம் எந்த ரயிலுக்குப் பயந்தேனோ அதே ரயில். எங்களை யாரும் பார்க்கவில்லை. பெட்டியில் இருந்த பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட எங்களுக்குத் தெரிந்தவர் இல்லை.

டாக்டர் வயதானவர், பேச்சு மெதுவாக இருக்கும். தங்கையைக் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சை நூலாகத் திரித்து, கையில் அங்கங்கே தொட்டு, "தொட்டால் சொல்லும்மா" என்றார். தோளில் தொட்டார், "ம்" என்றாள். உள்ளங்கையில் தொட்டார், "ம்" என்றாள். தேமலில் தொட்டார். சுண்டுவிரலில் தொட்டார். பக்கத்து விரலில் தொட்டார். அவள் கண்ணை மூடியபடி, அடுத்த தொடுதலுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். நான் இருபத்தாறு வரை எண்ணினேன். பஞ்சு அத்தனை நேரமும் அவள் கை மேல்தான் நகர்ந்துகொண்டிருந்தது.

பிறகு தேமலைக் குனிந்து பார்த்து, "இதென்ன புள்ளி புள்ளியாகத் தழும்பு? யாராவது ஊசியால் குத்தினீர்களா?" என்று கேட்டார்.

அந்த இடத்தை அன்றுதான் நான் அருகில் பார்த்தேன். தேமல் அரை ரூபாய்க்கு மேல் பெரிதாகியிருந்தது. நடுவில் கறுத்த சின்னச் சின்னப் புள்ளிகள், எட்டு. நான் பன்னிரண்டு நாள் காலையில் படம் எடுத்திருந்தேன். மீதி நாலு ஆறிப் போயிருக்க வேண்டும்.

கைப்பையிலிருந்து இரண்டு படங்களையும் எடுத்துக் கொடுத்தேன். கம்பியைப் பற்றியும், முதலில் தபாலில் அனுப்பிய படத்தைப் பற்றியும் சொன்னேன். அவர் படங்களை ஜன்னலுக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார்.

"நல்ல வேலை. நீங்களா எடுத்தீர்கள்?"

"ஆமாம்."

"இரண்டாவதற்கு வேறு பிலிம் போட்டிருக்கிறீர்கள். சிவப்பைப் பார்க்காத பிலிம். இந்தத் தேமலில் தோலைவிடக் கூடுதலாக இருந்தது சிவப்புதான். அதனால் படத்தில் தேமலும் தோலும் ஒரே நிறமாகிவிட்டன. நாங்களும் இங்கே ஆரம்பத்தில் இந்தத் தப்பைச் செய்திருக்கிறோம்." படங்களைத் திருப்பித் தந்தார். "நான் எழுதியிருந்தேன், இல்லையா? போன ஆவணியிலா?"

"ஆமாம்."

"ஒன்பது மாதம். அப்போதே வந்திருந்தால் விரல் மடங்கியிருக்காது. வியாதியை நிறுத்திவிடலாம், கவலைப்படாதீர்கள். விரலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது."

அப்போதுதான் அவள் விரல்களைப் பார்த்தேன். சுண்டுவிரலும் அடுத்ததும் உள்ளே மடங்கியிருந்தன. நீட்டச் சொன்னார். மற்ற மூன்றும் நீண்டன.

அவளை அங்கேயே விட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். ராயகிரிக்காரர்களும் நாங்களும் ஒரே ஒரு தடவை உட்கார்ந்து பேசினோம். அவர்கள் பையனுக்கு மறுபடி பெண் பார்க்க வேண்டும். எங்களுக்கு இளையவள் இருந்தாள். இரண்டு பக்கமும் வெளியே சொல்வதற்கு ஒரே காரணம் பொருந்தி வந்தது. விஷக்காய்ச்சல், வடக்கே ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டாள், அங்கேயே தகனம் செய்துவிட்டோம். பதினாறாம் நாள் காரியமும் செய்தோம். அறுபத்து நாலு இலை விழுந்தது. அம்மா அழுததில் பொய் இல்லை. அதனால் யாரும் சந்தேகப்படவில்லை. ஸ்டூடியோக்காரர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணப் படத்துல இருந்து தங்கச்சிய மட்டும் தனியாப் பெரிசு பண்ணித் தாரேன், காசு வேண்டாம்" என்றார். ஒரு மாதத்தில் கொண்டுவந்தும் கொடுத்தார். அதற்கு மாலை போட்டு மாட்டினோம்.

இரண்டாம் முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எந்தத் தேதின்னு சொன்னீங்க?"

சொன்னேன். "சரி" என்றாள்.

வருஷத்துக்கு இரண்டு தடவை போனேன். அம்மா வரவில்லை. மகள் செத்துப்போன ஊருக்கு எதற்குப் போகிறாள் என்று கேட்டுவிடுவார்களே என்று பயந்தாள். மூன்றாம் வருஷம் அம்மா இறந்தாள். தங்கைக்குப் பத்து நாள் கழித்துத்தான் எழுதினேன்.

ஐந்தாம் வருஷம் தங்கையிடமிருந்து கடிதம் வந்தது. அதுவரை அவளாக எழுதியதில்லை, எழுதியதெல்லாம் நான்தான். அதை என்னால் பார்க்காமலே எழுத முடியும். 'அண்ணனுக்கு, எனக்கு வியாதி இல்லை என்று சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். யாருக்கும் ஒட்டாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. விரல் இரண்டும் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் எல்லா வேலையும் செய்கிறேன். இங்கே இடம் வேண்டும் என்று நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். நான் வரட்டுமா? தொழுவத்துப் பக்கம் இருக்கிற அறை போதும். வெளியே வரமாட்டேன். யாராவது கேட்டால் வேலைக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லிக்கொள்ளலாம்.'

பதில் எழுத எனக்குப் பதினாலு நாள் ஆயிற்று. ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். ஏழாவதாக எழுதியதை அனுப்பினேன். கொஞ்சம் பொறுத்துக்கொள், இளையவளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவள் கல்யாணம் முடியட்டும், முடிந்ததும் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். எழுதும்போது அதை மனப்பூர்வமாகத்தான் எழுதினேன். பொறுத்துக்கொள்கிறேன் என்று அவளிடமிருந்து ஒரு கார்டு வந்தது. ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் வேலை கொடுத்திருக்கிறார்கள் என்றும் அதில் இருந்தது.

எட்டாம் வருஷம் வைகாசியில், மேலநீலிதநல்லூரில் இளையவளின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. அதைத் தங்கைக்கு நான் தெரிவிக்கவில்லை. தெரிவித்தால் அழைத்துவர வேண்டும். அதன் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகவும் இல்லை, போனால் கேட்பாள். வரன் இன்னும் அமையவில்லை என்று மட்டும் வருஷத்துக்கு ஒரு கார்டு எழுதினேன். இதுவரை நாலு கார்டு எழுதிவிட்டேன். நாலுக்கும் பதில் வந்தது. நல்ல இடமாகப் பார்த்துச் செய்யுங்கள், அவசரப்பட வேண்டாம் என்று நாலிலும் எழுதியிருந்தாள்.